புரியாமல் தலையாட்டும் பிள்ளைகள்

சிறார் சிறையில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாயின் வயிற்றிலேயே மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது? மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு மருத்துவக் குழு ஒவ்வொரு பிள்ளையாக உட்காரவைத்துப் பார்த்தது. கிடைத்த விடை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

அதற்கு முன் ஒரு வழக்கு. 1993 மார்ச் மாதம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் தெய்னா போரா என்ற 17 வயது மாவோரி இளைஞரை வேறொரு சின்ன வழக்குக்காகப் போலீசார் பிடித்து வந்தார்கள். ஓராண்டுக்கு முன்பு நகரின் தென்பகுதியில் ஒரு பெண் தன் வீட்டிலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டிருந்தார். துப்புக் கொடுப்பவருக்கு 20,000 டாலர் என்று அறிவிப்பும் இருந்தது. அந்த வழக்கில் ஆள் யார் என்று தனக்குத் தெரியும் என்றார் போரா. வக்கீல் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

விசாரணை நான்கு நாட்கள் நீடித்தது. கதை நாளுக்கு நாள் வளர்ந்தது. செய்தவர்களைத் தெரியும் என்று ஆரம்பித்தவர், வெளியே காவலுக்கு நின்றதாகச் சொன்னார். பிறகு, தானும் வீட்டுக்குள் இருந்ததாகவே சொல்லிவிட்டார். அந்தத் தெருவுக்கு அழைத்துப் போனபோது வீடு எது என்று அவருக்குக் காட்டத் தெரியவில்லை. கடைசியில் போலீசாரே காட்ட வேண்டியிருந்தது. சம்பவ இடத்தில் கிடைத்த டி.என்.ஏ. அவருடையது அல்ல, அவர் பெயர் சொன்ன ஆட்களுடையதும் அல்ல. இருந்தும் 1994-ல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த டி.என்.ஏ. மால்கம் ரேவா என்ற தொடர் பாலியல் குற்றவாளியுடையது என்று தெரியவந்தது. மறுவிசாரணை நடந்தது. 2000-ல் போரா மீண்டும் குற்றவாளி என்றே தீர்ப்பானது. அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டிருந்தார் என்பதுதான் அவரை விடாமல் பிடித்து வைத்திருந்தது.

மேல்முறையீட்டை விசாரித்த, லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் நீதிமன்றம் 2015 மார்ச் 3-ம் தேதி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தாய் கர்ப்பமாக இருந்தபோது அருந்திய மதுவால் போராவின் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டிருந்தது என்று நரம்பு உளவியல் நிபுணர் வேலரி மெக்கின் உள்ளிட்டோர் கொடுத்த மருத்துவச் சான்றுதான் அந்த வழக்கின் திருப்புமுனை. இப்படிப்பட்ட பாதிப்பு உள்ள ஒருவர், முன்னுக்குப் பின் முரணாகக் கொடுத்த வாக்குமூலத்தை நம்பித் தண்டிப்பது நீதி தவறும் ஆபத்தில் கொண்டுபோய் விடும் என்பது நீதிபதிகளின் முடிவு. அதற்குள் ஏறக்குறைய 20 ஆண்டுகள் சிறையில் போயிருந்தன. 2016-ல் அரசு மன்னிப்புக் கேட்டது, 25 லட்சம் நியூசிலாந்து டாலர் இழப்பீடு கொடுத்தது. அந்தக் கொலைக்காக ரேவா தண்டிக்கப்பட்டது 2019-ல்தான்.

கைதான அன்றைக்கே யாராவது ஒருவர், "இந்தப் பையனுக்கு நாம் கேட்பது புரிகிறதா?" என்று சோதித்திருந்தால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பு அன்று எவருக்கும் இல்லை. பெரும்பாலான நாடுகளில் இன்றைக்கும் இல்லை.

வயிற்றில் நடப்பது

எஃப்.ஏ.எஸ்.டி. என்பது மருத்துவர்கள் சொல்லும் சுருக்கப் பெயர். கருவில் இருக்கும்போது மதுவால் ஏற்படும் பலதரப்பட்ட மூளை, உடல் பாதிப்புகளை அது ஒன்றாகக் குறிக்கிறது. தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவின் ரத்தத்துக்குள் போய்விடும். தாயின் கல்லீரல் அதை உடைத்து அப்புறப்படுத்தும். சிசுவின் கல்லீரலுக்கு அந்தத் திறன் வந்திருக்காது. மூளையின் நரம்பணுக்கள் உருவாகி, தத்தம் இடத்துக்கு நகர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் நேரம் அது. அப்போது மது உள்ளே புகுந்தால் சில அணுக்கள் செத்துப்போகும், சில இடம் மாறி நின்றுவிடும். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை மெலிந்துபோவதும் உண்டு. செத்த அணுக்களைத் திரும்பக் கொண்டுவர மருந்து கிடையாது.

பிரான்சின் நான்த் நகரில் பால் லெமுவான் என்ற மருத்துவர் 1968-ல் இப்படிப்பட்ட 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1973-ல் அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் இருவரும் 'லான்செட்' இதழில் எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. சிறிய கண்கள், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய பள்ளம் இல்லாத வழவழப்பு, மெல்லிய மேலுதடு ஆகிய மூன்றும் இதன் முக அடையாளங்கள். ஆனால் முகம் உருவாவது கர்ப்பத்தின் தொடக்கத்தில் மிகக் குறுகிய ஒரு காலத்தில். அந்த நாட்களில் மது இல்லாவிட்டால் முகம் எல்லாரையும் போலவே இருக்கும், மூளை மட்டும் அடிபட்டிருக்கும். பாதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்த வகை. பார்த்தால் தெரியாது.

பேசினாலும் சட்டென்று தெரியாது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். இந்தப் பிள்ளைகளில் பலர் கலகலப்பாகப் பேசுவார்கள். சரளமாகப் பேசுகிறவனுக்கு எல்லாம் புரியும் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். உண்மையில், பேசும் அளவுக்கு அவர்களுக்குப் பிறர் பேச்சு புரிவதில்லை. நேற்று நடந்ததையும் போன மாதம் நடந்ததையும் குழப்பிக்கொள்வார்கள். நினைவில் ஓட்டை விழுந்த இடத்தைக் கேட்பவர் சொன்ன வார்த்தையாலேயே நிரப்பிக்கொள்வார்கள். அதைப் பொய் என்று சொல்வதற்கில்லை. அவர்களைப் பொறுத்தவரை அதுதான் நடந்தது. எதிரில் இருப்பவருக்குப் பிடித்ததைச் சொல்லிவிட்டால் இந்த இடத்தைவிட்டுப் போய்விடலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி. ஒரு காவல் நிலையத்தில் இந்தக் குணங்களைவிட ஆபத்தானவை எவை?

பேங்க்சியா ஹில்

மேற்கு ஆஸ்திரேலியா 25 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாநிலம். இந்தியாவின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு. இத்தனை பெரிய மாநிலத்தில் சிறாருக்கென்று இருக்கும் சிறை, தலைநகர் பெர்த்தின் தென்புறத்தில் உள்ள பேங்க்சியா ஹில். அங்கே 10 வயதுப் பிள்ளையையும் அடைக்கலாம். குற்றப் பொறுப்புக்கான வயது அந்த மாநிலத்தில் இன்னமும் 10 தான்.

2015-16ல் பெர்த்தின் டெலிதான் கிட்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் கேரல் போவர் தலைமையில் ஒரு குழு இந்தச் சிறைக்குள் போனது. குழந்தை நல மருத்துவர், நரம்பு உளவியல் நிபுணர், பேச்சு மொழி நிபுணர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று நான்கு துறைக்காரர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே பார்த்தார்கள்.

சோதனை நடந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. இதைப் பற்றிப் பேசுகிற பலர், ஏதோ ரத்தம் எடுத்துச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையும் கிடையாது, ஸ்கேனில் 'இருக்கிறது, இல்லை' என்று தெரிவதும் கிடையாது. முகத்தை அளப்பதற்கு நெற்றியில் ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டிப் புகைப்படம் எடுப்பார்கள். ஸ்டிக்கரின் அளவு தெரியும் என்பதால் அதைவைத்துக் கண்ணின் நீளத்தைக் கணினி கணக்கிடும். உதட்டையும் அதன் மேலுள்ள பள்ளத்தையும், ஐந்து படங்கள் அச்சிட்ட ஓர் அட்டையோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள். இது சில நிமிட வேலை. மற்றதெல்லாம் பொறுமையைக் கேட்பவை. சிக்கலான ஒரு கோட்டுப் படத்தைப் பார்த்து வரையச் சொல்வது, பிறகு அதை எடுத்துவிட்டு நினைவிலிருந்து வரையச் சொல்வது. ஒரு வாக்கியத்தைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைப்பது, வாக்கியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது. ஒரு கதையைச் சொல்லி, நடந்ததை வரிசையாகக் கேட்பது. கூட்டல் கழித்தல், வாசிப்பு, கை விரல்களின் வேலை, கவனம், மனக் கட்டுப்பாடு.

ஆஸ்திரேலியாவில் அப்போது பின்பற்றிய வழிகாட்டியில் மூளையின் செயல்பாடு 10 பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தது. அவற்றில் மூன்றிலாவது கடுமையான குறை இருக்க வேண்டும். கூடவே, கர்ப்பத்தில் தாய் மது அருந்தியதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைதான் நடைமுறையில் முட்டுக்கட்டை. பிள்ளை சிறையில் இருக்கிறான், தாய் எங்கோ தொலைவில், சில நேரம் உயிரோடும் இல்லை. வளர்த்த பாட்டிக்கு ஞாபகம் இருந்தால் உண்டு. மூன்று முக அடையாளங்களும் சேர்ந்து இல்லாத பிள்ளைக்கு ஆதாரம் கிடைக்காவிட்டால், குறைகள் எத்தனை இருந்தாலும் பெயர் சூட்ட மாட்டார்கள்.

இத்தனை கறாரான அளவுகோலை வைத்துப் பார்த்தும், முழுச் சோதனையும் முடித்த 99 பேரில் 36 பேருக்கு இந்தப் பாதிப்பு உறுதியானது. 2018 பிப்ரவரியில் 'பி.எம்.ஜே. ஓப்பன்' இதழில் வெளியான ஆய்வு இது. அதுவரை உலகில் எந்தச் சிறையிலும் பதிவாகாத விகிதம். 10 பிரிவுகளில் ஒன்றிலாவது கடுமையான குறை இருந்தவர்கள் 89 விழுக்காடு. அதாவது, அந்த வளாகத்தில் மூளை முழுச் சீராக வேலை செய்த பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு மொழிக் குறைபாடு.

இவற்றையெல்லாம்விட என்னைத் தூங்கவிடாத எண் இன்னொன்று. அந்த 36 பேரில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தவர்கள் இரண்டே பேர். மீதி 34 பேரும் பள்ளிக்குப் போனவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், குழந்தைகள் நலத் துறையின் கோப்புகளில் இருந்தவர்கள், சிறைக்கு வருமுன் பலமுறை நீதிமன்றப் படி ஏறியவர்கள். இத்தனை பெரியவர்களின் கண்முன்னே வளர்ந்தவர்களிடம் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. முரடன், சோம்பேறி, சொன்ன பேச்சு கேளாதவன் என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்கள்.

ஜாமீன் என்ற பொறி

இந்தப் பாதிப்பு உள்ள ஒரு 14 வயதுப் பையன் நீதிமன்றத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். திருட்டுக் காரில் நண்பர்களோடு போனான் என்று வழக்கு. நீதிபதி நல்லவர், சிறைக்கு அனுப்ப மனமில்லாமல் ஜாமீன் கொடுக்கிறார். மாலை ஏழு மணிக்கு மேல் வெளியே போகக் கூடாது. இன்னின்ன நண்பர்களோடு சேரக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பள்ளிக்குப் போக வேண்டும். அடுத்த வாய்தா 23-ம் தேதி காலை 10 மணி. "புரிந்ததா?" என்று கேட்கிறார். "புரிந்தது" என்று தலையாட்டுகிறான். வக்கீலும் அதையே சொல்கிறார்.

நீதிமன்றத்தின் வாசலைத் தாண்டும்போது அந்த ஐந்தில் ஒன்று அவன் நினைவில் இருந்தால் பெரிது. கடிகாரம் பார்க்கத் தெரியும். ஆனால் 'இப்போது ஆறரை, வீடு போக நாற்பது நிமிடம் ஆகும், அதனால் இப்போதே கிளம்ப வேண்டும்' என்று மூன்று படி யோசிக்கும் இடம் மூளையில் அடிபட்டிருக்கிறது. செவ்வாய் எது என்று அவனுக்குத் தெரிவது யாராவது சொன்னால்தான். எட்டு மணிக்குத் தெருவில் பிடிபடுகிறான். நிபந்தனையை மீறினான் என்று வழக்கு. அடுத்த முறை இன்னும் கடுமையான நிபந்தனைகள், அவற்றையும் மீறுவான். நாலாவது தடவை நீதிபதிக்கே பொறுமை போய்விடும். ஆரம்பத்தில் செய்த குற்றம் சின்னது. உள்ளே தள்ளியது அதற்குப் பிறகு குவிந்த மீறல்கள்.

தண்டனை கொடுத்தால் பயந்து திருந்துவான் என்பதும் இங்கே பலிக்காது. செயலுக்கும் விளைவுக்கும் நடுவில் உள்ள தொடர்பைப் பிடித்து வைத்து அடுத்த முறை பயன்படுத்துவதே அவனுக்கு முடியாத காரியம். போன வருடம் அடைத்ததை அவன் மறந்திருக்க மாட்டான். அதை இன்று செய்யப்போவதோடு சேர்த்துப் பார்க்கத்தான் தெரியாது.

கனடாவில் செய்த ஒரு கணக்கீட்டின்படி, இந்தப் பாதிப்பு இல்லாத இளையோரைவிடப் பாதிப்பு உள்ள இளையோர் காவலில் இருக்கும் வாய்ப்பு 19 மடங்கு. லானா போப்போவா குழுவினர் 2011-ல் வெளியிட்டது அது. பாதிப்பு குற்றம் செய்ய வைக்கிறது என்று மட்டும் இதைப் படிப்பது தவறு. பிடிபடுவதில், ஒப்புக்கொள்வதில், நிபந்தனை மீறுவதில், திரும்ப உள்ளே போவதில், ஒவ்வொரு படியிலும் இவர்களுக்கே கால் இடறுகிறது.

யார், எப்போது கேட்பது?

99 பேரையும் நான்கு நிபுணர்கள் பார்த்தது ஆராய்ச்சிக்காக. கைதாகும் ஒவ்வொரு சிறுவனுக்கும் அப்படி ஒரு குழுவைக் கூட்டிவர எந்த அரசாலும் ஆகாது. ஸ்கிரீனிங் என்கிற முதற்கட்டச் சல்லடை தேவைப்படுவது இங்கேதான். நோய் இருக்கிறது என்று அது தீர்ப்புச் சொல்லாது. இவனை நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லும். அதற்குள் நன்னடத்தை அலுவலரும் வக்கீலும் இவனோடு பேசும் முறையை மாற்றிக்கொள்ளவும் அதுவே போதும்.

இதில் கனடாதான் முன்னோடி. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் பர்னபியில், நீதிமன்றம் மனநல மதிப்பீட்டுக்கு அனுப்பிய 287 இளையோரைச் சோதித்து, அவர்களில் 67 பேருக்குக் கருவில் மதுப் பாதிப்பு இருந்ததாக டயான் ஃபாஸ்ட், ஜூலியான் கான்ரி, கிறிஸ்டின் லூக் மூவரும் 1999-லேயே எழுதினார்கள். அதே மாகாணத்தின் அசாண்டே மையம், நன்னடத்தை அலுவலர்கள் கையில் வைத்துப் பயன்படுத்தும் ஒரு வழிகாட்டியைத் தயாரித்தது. கேள்விகள் எளிமையானவை. உடன்பிறந்த யாருக்காவது இந்தப் பாதிப்பு இருக்கிறதா? கர்ப்பத்தில் தாய் மது அருந்தியது குடும்பத்தில் யாருக்காவது தெரியுமா? பேச்சும் நடையும் தாமதமாக வந்தனவா? பள்ளியில் எதில் தடுமாற்றம்? கவனக்குறைவுக்குச் சிகிச்சை நடந்ததா? வளர்ப்பு வீடுகள் எத்தனை மாறின? டாக்டருக்குப் படிக்காத ஓர் அலுவலர், பையனோடும் குடும்பத்தோடும் நிதானமாக உட்கார்ந்து பேசினால் இவற்றுக்கு விடை கிடைக்கும்.

மானிடோபா மாகாணத்தின் வின்னிபெக் நகரில் 2004 முதல் இந்தப் பாதிப்புள்ள இளையோருக்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. சந்தேகம் வந்தால் மருத்துவ மதிப்பீடு, அதன் முடிவு நீதிபதியின் மேசைக்கு. தண்டனையோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வெளியே வந்தபின் எங்கே தங்குவான், யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் அதில் வரும். நீதிமன்றத்தின் நிபந்தனைகளைப் படமாகவே வரைந்து கையில் கொடுக்கும் பழக்கம் அங்கே உருவானது. 2019-ல் பெரியவர்களுக்கும் இதற்கென்று தனி நீதிமன்ற அமர்வு தொடங்கினார்கள்.

எதிர்ப்புக் குரல்களும் இருக்கின்றன, அவற்றைத் தள்ளிவிட முடியாது. 'மூளையிலேயே கோளாறு, இவன் திருந்த மாட்டான்' என்று அரசு வழக்கறிஞர் வாதிட இதுவே ஆயுதமாகிவிட்டால்? இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவின் 1996-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மனத்திறன் குறைவால் விசாரணையை எதிர்கொள்ள முடியாதவர் என்று முடிவானவரைக் கால வரையறையே இல்லாமல் காவலில் வைக்க இடம் கொடுத்தது. குற்றம் நிரூபணமாகித் தண்டனை பெற்றிருந்தால் எப்போதோ வெளியே வந்திருக்க வேண்டியவர்கள், நிரூபணம் ஆகாமலே ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2023-ல்தான் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்தது. ஆகவே சல்லடைச் சோதனையில் பையன் சொல்வது எதுவும் அவனுக்கு எதிரான சாட்சியாகக் கூடாது; அவனும் குடும்பமும் சம்மதித்த பிறகே நடக்க வேண்டும்; பக்கத்தில் வக்கீல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஸ்கிரீனிங்கை நான் ஆதரிக்க மாட்டேன்.

இன்னொரு நியாயமான எச்சரிக்கை மொழி பற்றியது. பேங்க்சியா ஹில் ஆய்வில் பங்கேற்றவர்களில் 74 விழுக்காட்டினர் பழங்குடிப் பிள்ளைகள். மாநில மக்கள்தொகையில் பழங்குடியினர் 4 விழுக்காடு அளவுதான். மாநிலத்தின் வடக்கே உள்ள கிம்பர்லி பகுதியிலிருந்து வரும் பிள்ளைக்கு வீட்டுமொழி ஒன்று, கூடிப் பேசும் கிரியோல் என்ற கலப்பு மொழி ஒன்று, ஆங்கிலம் அதற்கும் பிறகு. சின்ன வயதில் திரும்பத் திரும்ப வரும் காதுச் சீழால் கேட்கும் திறன் குறைந்தவர்களும் நிறைய. ஆங்கிலக் கேள்வித்தாளை நீட்டிவிட்டு மூளை சரியில்லை என்று எழுதிவிடக் கூடாது. காதைச் சோதிக்காமல், அவன் மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்கிற சோதனை செல்லாது.

தாயின் தலையில் சுமத்தலாமா?

இந்தப் பாதிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே பழி தாயின் மேல் போய் விழுகிறது. கர்ப்பம் என்று தெரியுமுன் பல வாரங்கள் ஓடிவிடுகின்றன. அந்த வாரங்களில் குடித்த பெண்கள் எல்லா இனத்திலும், எல்லா வசதியிலும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகளில் மதுவையே தொடாதவர்களின் விகிதம் மற்றவர்களைவிட அதிகம் என்று அந்த நாட்டின் கணக்கெடுப்புகளே சொல்கின்றன. குடிப்பவர்களிடம் குடி கடுமையாக இருக்கிறது என்பதும் உண்மை. நிலத்தைப் பறித்து, பிள்ளைகளைத் தாயிடமிருந்து அரசே பிடுங்கிக்கொண்டு போன தலைமுறைகளின் துயரம் அந்தக் குடிக்குப் பின்னால் நிற்கிறது.

இந்த உண்மையைக் கண்ணுக்கு நேரே பார்த்தவர்கள் ஃபிட்ஸ்ராய் கிராசிங் பெண்கள். கிம்பர்லியின் உட்பகுதியில் உள்ள அந்தச் சிற்றூரில் ஜூன் ஆஸ்கர், எமிலி கார்ட்டர் போன்ற பழங்குடிப் பெண் தலைவர்கள் 2007-ல் மது விற்பனைக்குக் கட்டுப்பாடு கேட்டுப் போராடி வாங்கினார்கள். சாவுகளும் தற்கொலைகளும் அவர்களைச் சும்மா இருக்கவிடவில்லை. அடுத்ததாக, எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படிப் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று மருத்துவர்களை அவர்களே அழைத்தார்கள். சிட்னியின் பேராசிரியர் எலிசபெத் எலியட், மருத்துவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் ஆகியோர் சேர்ந்து நடத்திய லிலில்வன் என்ற ஆய்வில், 2002, 2003-ம் ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளைச் சோதித்தார்கள். 1,000-க்கு 194 பேர் என்ற கணக்கு வந்தது. அதை மறைக்காமல் வெளியே சொல்லச் சம்மதித்ததும் அந்த மக்கள்தான். கூச்சமும் வலியும் இருந்தும் பிள்ளைகளுக்காகச் சொன்னார்கள். ஒரு சமூகமே எடுத்த இந்த முடிவைவிடப் பெரிய துணிச்சலை இந்த விவகாரத்தில் நான் வேறெங்கும் காணவில்லை.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் விற்கும் மதுப் புட்டிகளில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கைப் படம் கட்டாயமானது 2023 ஜூலை இறுதியில். சியாட்டில் மருத்துவர்கள் லான்செட்டில் எழுதி ஐம்பது ஆண்டுகள் கழித்து. தாயைக் கேள்வி கேட்கிறவர்கள், புட்டியை விற்றவர்களையும் அதற்கு உரிமம் கொடுத்தவர்களையும் இந்த ஐம்பது ஆண்டுகளும் கேட்டிருக்க வேண்டும்.

கண்டுபிடித்த பிறகு

கண்டறிந்தால் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்கு சியாட்டிலின் ஆய்வாளர் ஆன் ஸ்ட்ரைஸ்கத் பதில் வைத்திருக்கிறார். 415 பேரின் வாழ்க்கையைத் திரட்டி அவர் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், வளரிளம் பருவத்தினரிலும் பெரியவர்களிலும் 60 விழுக்காட்டினர் சட்டச் சிக்கலில் மாட்டியிருந்தார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சின்ன வயதிலேயே கண்டறியப்பட்டு, நிலையான நல்ல வீட்டில் வளர்ந்தவர்கள் இப்படிப்பட்ட கதியிலிருந்து தப்பும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். மூளையின் காயம் ஆறவில்லை, சுற்றியிருந்தவர்கள் மாறினார்கள்.

அந்த மாற்றத்துக்குப் பெரிய செலவும் இல்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. சொன்னதைத் திரும்ப அவன் வார்த்தையில் சொல்லவைப்பது. கையெழுத்துப் போடும் நாளில் காலையிலேயே ஒருவர் போன் செய்து கூட்டிப்போவது. கத்திப் பேசாதிருப்பது. ஏன் செய்தாய் என்று குடையாமல், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று காட்டுவது. தண்டனையின் அளவிலும் இது எதிரொலிக்கும். 2016-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம், பச்சிளம் குழந்தை இறந்துபோன துயரமான ஒரு வழக்கில், இந்தப் பாதிப்பு இருப்பதற்கான மருத்துவச் சான்றைப் பார்த்த பிறகு ஒரு சிறுவனின் 10 ஆண்டு தண்டனையை 7 ஆண்டாகக் குறைத்தது. பாதிப்பு என்ற பெயர் மட்டும் போதாது, எந்தத் திறன் எவ்வளவு குறைந்திருக்கிறது, அது செயலை எப்படிப் பாதித்தது என்று காட்ட வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே உண்டு. பழங்குடிப் பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளிகளில் நடந்த கொடுமைகளை விசாரித்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும் 2015-ல் தன் 34-வது பரிந்துரையில், இந்தப் பாதிப்புள்ளவர்களுக்குக் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையிலிருந்து சட்டத்திலேயே விலக்கு வேண்டும் என்று கேட்டது.

ஆனால் பேங்க்சியா ஹில்லில் ஆய்வுக்குப் பின் நடந்தவை மனத்தைக் கனக்க வைக்கின்றன. ஆள் பற்றாக்குறையைக் காட்டிப் பிள்ளைகளை நாளின் பெரும்பகுதி அறையிலேயே பூட்டி வைத்தார்கள். அது சட்டவிரோதம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. அதே ஆண்டு, கட்டுக்கடங்காதவர்கள் என்று சில சிறுவர்களைப் பிரித்துக் காசுவரினா என்ற பெரியவர்கள் சிறைக்குள் 18-வது பிரிவு என்ற கட்டடத்துக்கு மாற்றினார்கள். 2023 அக்டோபரில் அங்கே ஒரு 16 வயதுச் சிறுவன் தன்னையே மாய்த்துக்கொள்ள முயன்று, ஒரு வாரத்தில் இறந்தான். தனியறையில் பூட்டுவதைத் தாங்குவதற்கு இந்தப் பிள்ளைகளின் மூளையில் வழியே இல்லை என்று ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அந்த மாநிலத்துக்கு ஆய்வு எழுத்தில் சொல்லியிருந்தது என்றே நான் அதைப் படிக்கிறேன். எண்ணித் தெரிந்துகொண்ட அரசுக்கு, தெரியாது என்று சொல்லும் வழி அடைந்துவிட்டது.

சோதனையைச் சிறை வாசலில் வைப்பதே தாமதம். ஃபிட்ஸ்ராய் கிராசிங்கிலிருந்து பெர்த்துக்கு 2,000 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே பிடிபட்ட பிள்ளையை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்து, உன் அம்மா கர்ப்பத்தில் குடித்தாரா என்று கேட்டால் யார் பதில் சொல்வார்? அம்மாவும் பாட்டியும் சித்தியும் இருப்பது அங்கே. அவன் வகுப்பில் எப்படித் தடுமாறினான் என்று சொல்லத் தெரிந்த ஆசிரியரும், அவன் காதுக்கு மருந்து விட்ட நர்ஸும் அங்கேதான் இருக்கிறார்கள். பள்ளியிலும் ஊர் மருத்துவமனையிலும் கேட்டு, தவறினால் முதல்முறை பிடிபடும்போது உள்ளூர்க் காவல் நிலையத்திலேயே கேட்டுவிட வேண்டும். அதற்கு ஊரிலேயே தங்கும் ஒரு பேச்சு மொழி நிபுணரும், சுற்றுமுறையில் வந்துபோகும் ஒரு குழந்தை மருத்துவரும், குடும்பங்கள் நம்பிப் பேசும் ஓர் உள்ளூர்ப் பெண்ணும் வேண்டும். ஒரு பிள்ளையை ஓராண்டு சிறையில் வைப்பதற்கு ஆகும் செலவில் இந்த மூவருக்கும் சம்பளம் கொடுக்கத் தொடங்கிவிடலாம்.